பிடி அரிசி அசனம்

"யாரைக் கேட்டு எல்லாத்தையும் ஒரே டிரம்முல கொட்டினீங்க, அண்ணாச்சி?"

"யாரைக் கேக்கணும்? சபைக்குச் செயலர் நானா, நீயா?"

அசனத்துக்கு முந்தின நாள் காலையில், ராஜபாளையத்தில் எங்கள் தெரு சர்ச்சில் கேட்ட சத்தம் இது. கேட்டவர் பெண்கள் சங்கத் தலைவி ஞானபாக்கியம். பதில் சொன்னவர் சாம்சன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நான், காய்ந்த துணியையே மறுபடி காயப்போட வேண்டியதாயிற்று.

அசனம் என்றால் சபையார் கூடிச் சமைத்துத் தெருவுக்கே போடும் சாப்பாடு. அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். பச்சரிசி வீடு, புழுங்கல் வீடு, ரேஷன் வீடு எல்லாம் உண்டு. பெண்கள் அதைத் தனித்தனிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். சாம்சனோ யாரையும் கேட்டு எதையும் செய்கிறவர் இல்லை. பந்தல், மைக் செட்டு, ஸ்டோர் ரூம் சாவி எல்லாமே அவர்தான். பிரசங்கத்தை மட்டும் பெரிய மனது வைத்து ஐயருக்கு, அதாவது பாதிரியாருக்கு, விட்டிருந்தார். அளக்க வசதியென்று சாக்குகளை அவிழ்த்துக் கலந்துவிட்டார்.

வடித்தால் பச்சரிசி கூழாகும், புழுங்கல் பல்லில் கடிபடும். சாப்பிட வருவதோ, அவர் மகள் கிரேஸ்லினைப் பெண் கேட்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஏற்கெனவே தயக்கம். யார் பேச்சையும் கேட்காத மனுஷன் சம்பந்தியானால் நம் வீட்டையும் அவரே நடத்துவாரே என்று.

ஐயர் வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார். "இனிமே பிரிக்க ஏலாது. எல்லாரும் உக்காந்து பேசுவோம். சாம்சன், நீங்க கடைசியாப் பேசுங்க."

"ஊறப்போட்டு, பருப்பும் காயும் சேத்து, குழைய சாம்பார் சாதமாக் கிண்டிரலாம்," என்றார் ஞானபாக்கியம். "ஆனா அடிப்பிடிக்காமக் கிண்ட எம்புட்டு ஆளு வேணும் தெரியுமா?"

"வாலிபர் சங்கம் முறை போட்டுக் கிண்டுதோம்," என்றான் அதன் தலைவன் செல்வின்.

"அப்பம் நான் என்ன செய்ய?" என்றார் சாம்சன்.

"வெங்காயம் உரிங்க, அண்ணாச்சி," என்றார் ஞானபாக்கியம். "அழுதாலும் வெளிய தெரியாது."

சாம்சன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி ஞானபாக்கியத்திடம் கொடுத்தார். அந்த இடுப்பைக் காலியாகத் தெருவில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா மறுமுறை வாங்கிச் சாப்பிட்டார். "யாரு பொறுப்புல செஞ்சீங்க?"

கரண்டியோடு நின்ற சாம்சனை எல்லாரும் பார்த்தோம்.

"அரிசியைக் கெடுத்தது நான். பொறவு இவிய சொன்னபடி கேட்டேன், அம்புட்டுதான்."

அந்த அம்மா இலையை மடித்துவிட்டு, தேதி பேச எப்போது வரலாம் என்றார். சபையில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று சாம்சன் சொன்னதுதான் கொஞ்சம் அதிகம்.

தை மாதம் கல்யாணம் முடிந்து கிரேஸ்லின் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். அடுத்த தேர்தலிலும் சாம்சனே செயலர். எதிர்த்து நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஞானபாக்கியமே அவர் பெயரை முன்மொழிந்தார். ஐயருக்குச் சாத்தூருக்கு மாற்றல் வந்தது. செல்வின், அந்தக் கல்யாணத்தில் பாட வந்த சேத்தூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறான்.