ஆட்காட்டி இருந்த இடம்

அந்த ஆட்காட்டிக் குருவியின் முட்டைகள் நான்கா மூன்றா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு. ராஜினி நான்கு என்றுதான் சொன்னாள். விரல்களை மடக்கியும் காட்டினாள். அவளோடு வேலை செய்த ஜெயரூபியோ மூன்று என்று அடித்துச் சொன்னாள். இருவரிடமும் இதைக் கேட்டுப் பல வருடங்களாகிவிட்டன. எங்கேயாவது பிசகினால் அது என் ஞாபகத்தின் பிசகு. நான்கு என்றே வைத்துக்கொள்வோம்.

ராஜினி, சண்டைக் காலத்தில் புதைத்த மிதிவெடிகளை எடுக்கிற வேலைக்குப் போனவள். விடியற்காலையில் புதுக்குடியிருப்புச் சந்தியில் வாகனம் வந்து ஏற்றும். முல்லைத்தீவுப் பக்கம், கடலுக்கு இரண்டு மைல் உள்ளே, பற்றை மண்டிய ஒரு காணி. தடித்த அங்கியும் முகக் கண்ணாடியும் போட்டு, முழங்காலில் நின்று, மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டிக்கொண்டு போகவேண்டும். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் ஊதும். ஊதினால் பத்து நிமிடம் எல்லாரும் நிழலில் சும்மா இருந்தே ஆகவேண்டும். களைத்த கை பிழை விடும் என்பதால் அப்படி ஒரு சட்டம்.

மற்றப் பெண்கள் விசிலுக்கு ஏங்கிக் கிடப்பார்கள். ராஜினிக்கு வெடியைவிட அந்தப் பத்து நிமிடம்தான் பயம். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையின்போது, சனம் நெருக்கிய ஒரு பாதையில், தண்ணீர்க் கானை மற்றக் கைக்கு மாற்றுவதற்காக மகன் தர்சனின் கையை ஒரு கணம் விட்டவள் அவள். பிறகு அந்தக் கை அகப்படவில்லை. அவனுக்கு ஆறு வயது. சும்மா இருந்தால் அந்த ஒரு கணம் வந்து பக்கத்தில் குந்திவிடும். ஆகையால் அவள் இருக்கமாட்டாள். எல்லாருடைய போத்தலிலும் தண்ணீர் நிரப்புவாள்; கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவுவாள். நித்திரையும் அப்படித்தான், இல்லை என்றே சொல்லலாம்.

ஒரு பங்குனியில் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது.

"அக்கா, கையை நீட்டுங்கோ பாப்பம்," என்றாள் ஜெயரூபி. புளியங்குளத்துப் பெட்டை. வயதில் இளையவள் என்றாலும் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு.

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி கூடிப்போச்சு."

"தேத்தண்ணிக்கு வாய்தான் ஆடும், கை ஆடாது. மாதக் கடைசியில டொக்டர் பாக்கேக்க இப்பிடி ஆடினா நிப்பாட்டிப்போடுவினம். சம்பளமும் தந்து இரு எண்டு சொல்லுறாங்கள். இருங்கோவனக்கா! ஆருக்குக் கிடைக்கும் இந்த உத்தியோகம்?"

வேலை போனால் முழுநாளும் வீட்டில் சும்மா இருக்கவேண்டிவரும். அதைவிட இந்தப் பத்து நிமிடம் பரவாயில்லை என்று ராஜினி நினைத்தாள்.

அடுத்த விசிலுக்குப் போய்ப் பாலை மரத்தடியில் இருந்தாள். வெடி இருக்கலாம் என்று எல்லை காட்டி நட்ட சிவப்புத் தடிகளுக்கு அப்பால், இன்னும் கை வைக்காத வெட்டை வெளியில், ஓர் ஆட்காட்டி அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எழும்பியபோது முட்டைகள் தெரிந்தன. கூடு என்று ஒன்றுமில்லை. மண்ணில் ஒரு சின்னக் குழி.

வெயில் ஏறினால் பறவை எங்கேயோ போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் இருக்கும். மற்றப்படி அதற்கு இருத்தல் ஒன்றுதான் வேலை. வண்டி போனாலும் இருந்தது, காற்று மண்ணை வாரி இறைத்தாலும் இருந்தது. ராஜினி அதைப் பார்த்துக்கொண்டு இருந்து பழகினாள். இரண்டாம் கிழமை, அந்த ஒரு கணம் வழமைபோல வந்தது. அவள் எழும்பவில்லை. வந்தது, பக்கத்தில் இருந்தது, விசிலுக்கு முன்னமே போய்விட்டது. அன்று சோறு தின்ற கோப்பையைக் கழுவாமலே நித்திரையாகிப்போனாள். டொக்டர் வந்தபோது கை ஆடவில்லை.

"குருவி இருக்கிற துண்டைக் கடைசியாச் செய்வமே?" என்று ஜெயரூபியைக் கேட்டாள்.

"குருவிக்கு லீவோ? அதுக்கும் சம்பளம் போடச் சொல்லட்டே?" என்று சிரித்தாலும் ஜெயரூபி ஒத்துக்கொண்டாள்.

காணி கச்சு முகம்மதுவுடையது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், தாடி நரைத்தபின் திரும்பியவர். ஒன்றைவிட்ட ஒருநாள் சைக்கிளில் வந்து, கட்டியிருந்த நாடாவுக்கு வெளியே நின்று கேட்பார்: "என்ன மகள், நான் மௌத்தாக முந்திக் காணியைத் தருவீங்களா, இல்லாட்டி என்னை அடக்கின கபுறடிக்குக் கொண்டுவந்து தருவீங்களா?"

முட்டைகள் பொரிக்க இன்னும் ஒரு கிழமை இருக்கும். அதற்குள், யாரோ பெரியவர்கள் வருகிறார்களாம், காணி கையளிப்பை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"வேற ஆளை விடட்டே அக்கா?"

"வேண்டாம். நானே செய்யிறன்."

அந்தத் துண்டைத் தொடாமலே முடிந்தது என்று எழுதிவிடலாமா என்றும் ஒருகணம் யோசித்தாள். நாடாவுக்கு வெளியே கிழவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறுக்கிப் பிடித்திருந்தார். ராஜினி முகக் கண்ணாடியை இறக்கினாள்.

முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, துப்புரவாக்கிய பக்கத்தில் ஒரு குழி தோண்டி வைத்தாள். தலைக்குமேல் ஆட்காட்டி கத்திக்கொண்டே சுற்றியது. முட்டைகள் கிடந்த இடத்தில் நாலு விரல் ஆழம் சுரண்டியதும் மிதிவெடியின் மூடி தெரிந்தது.

"என்னக்கா?" என்று ஜெயரூபி தூரத்திலிருந்து கத்தினாள்.

"கிடக்குது."

"குருவிக்குக் கீழயோ? ஐயோ! இவ்வளவு நாளும் அதுக்கு மேலயே இருந்தது?"

"இருக்கும்தானே," என்றாள் ராஜினி. "வெடிக்கிறதுக்கு அதின்ர பாரம் காணாது."

அன்று பின்னேர விசிலுக்கு அவள் திரும்பவும் எல்லாருடைய போத்தலிலும் தண்ணீர் நிரப்பினாள்.

ஆட்காட்டி புதுக் குழிக்கு வரவில்லை. முட்டைகளை எறும்பு தின்றது. கச்சு முகம்மது காணியில் இரண்டு தடவை கச்சான் கடலை பயிரிட்டார், பிறகு மௌத்தானார்; மகன் அஸ்வர் அங்கே வீடு கட்டி இருக்கிறார். ஜெயரூபி கலியாணம் முடித்துப் புளியங்குளத்தில் கடை வைத்திருக்கிறாள். ராஜினியின் கை அதிலிருந்து மூன்றாம் மாதம் திரும்பவும் நடுங்கியது, வேலையால் நிற்பாட்டினார்கள். இப்போது கிளிநொச்சியில் ஒரு மில்லில் அரிசி புடைக்கிறாள். அங்கே விசில் கிடையாது. தர்சனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.