ஒரு சாண் உயரத்துப் பாதை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தலைவர் வீட்டுப் பின்தோட்டத்தில், தங்கையின் அறைவாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை போட்ட நடைபாதைக் கற்கள் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கின்றன. யாரும் முட்டுக் கொடுக்கவில்லை. கல் போட்ட வாரம் சிமெண்ட் விலையும் ஏறியிருந்தது. தெருவில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தலைவர் என்றால் நாடாண்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். தெரு நலச்சங்கத்துக்குத் தலைவர், நூலகக் குழுவுக்குத் தலைவர், நாற்காலி காலியாகக் கிடந்த எல்லாவற்றுக்கும் தலைவர். அவருடைய தங்கை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓடுகிற வண்டியில் ஆயுள் முழுக்க நின்றதில் அவளுக்கு மிஞ்சியது தேய்ந்த முட்டிகளும் ஒரு விசிலும்தான். ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அண்ணன் தீர்ப்பு வழங்கினார்: இனித் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். தான் வைத்த செடிகள் ஜன்னல் வழியாகத் தண்ணீர் குடிக்காது என்றாள் தங்கை. பாதை போட வேண்டும் என்றாள்.

பாதை என்றதும் தலைவர் கல் கடைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்து, மீசை முடி தனித்தனியாகத் தெரிந்த பளபளப்பான கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். கல்லுக்கு அவர் வைத்த பரீட்சை அது ஒன்றுதான். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய தங்கை, ஒவ்வொரு கல்லிலும் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, வண்டி வளைவில் திரும்பினால் எப்படியோ அப்படி உடம்பைச் சாய்த்துப் பார்த்தாள். கருங்கல்லில் சறுக்கிக் கடைக்காரர் தோளைப் பிடித்தாள். மூலையில், ஓரம் உடைந்து, உளி கொத்திய தடம் மறையாமல், வாங்க ஆளில்லாமல் கிடந்த கற்கள் அவள் காலைக் கவ்விப் பிடித்தன. அவற்றை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

கற்கள் வந்து இறங்கியபோது தலைவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்தக் கல்லு இந்த மண்ணுல படாது."

"சரிண்ணா," என்றாள் தங்கை.

மறுநாள் ஆட்கள் கற்களைப் பரப்ப வந்தார்கள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போதே அவர்கள் கையில் கனம் போய்விட்டது. கல் மண்ணில் படவில்லை. தங்கையின் வாசற்படிக்குச் சரிமட்டமாக நின்றது. அவள் விசிலை ஊதி, "ரைட், போலாம்," என்று காலை எடுத்து வைத்தாள். குழாய்வரை போய் வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

தலைவர் விடவில்லை. கடப்பாரையால் நெம்பினார், மணல் மூட்டை ஏற்றினார், சங்கத்தில் பருமனானவர்களைத் திரட்டிக் கல்மேல் உட்கார வைத்தார். கடைசியில் தம் கருங்கல்லை அந்தக் கற்களுக்கு அடியிலேயே பதித்து, முறைப்படி இதுதான் பாதை என்று ரிப்பன் வெட்டினார். அதில் ஓணான் மட்டும் போய்வந்தது.

வருஷங்கள் போயின. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் கல் இறங்கிவிடுமே என்று தலைவரின் மனைவி, தங்கைக்கு அண்ணி, நச்சரித்து, தலைவரும் அரைமனதாகச் சம்மதித்தபோது, தங்கைதான் தடுத்தாள்.

"வேணாம்ணா. கல்லு கீழ போனா நான் ஒரு படி இறங்கணும். முட்டிக்கு இந்த உயரந்தான் சௌகரியம். வாழ்க்கையில நீ உருப்படியாப் பேசினது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துக்காத."

தலைவர் கெடுத்துக்கொள்ளவில்லை. வயதாகி இறந்தார். அவருடைய இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஆள் கிடைக்கவில்லை; எல்லோரும் பின்தோட்டத்தில் கூடியிருந்தார்கள். அவர் போட்ட கெடு முடிந்துவிட்டது, கற்கள் எந்த நேரமும் விழும், இறங்கி வந்துவிடு என்று அண்ணி கெஞ்சினாள். தங்கை நடுக்கல்லில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளி காலியானது. கற்கள் அசையவில்லை.

"அப்ப இது அவர் பேச்சுக்கு நிக்கலையா?" என்றாள் அண்ணி.

"என் ஸ்டாப்பு இன்னும் வரல, அண்ணி. வந்தா நானே விசில் குடுக்கறேன்."

கூட்டம் கலைந்தது. கருங்கல் இன்னும் அடியில்தான் இருக்கிறது, பளபளப்புக் குறையவில்லை. அதன்மேல் செருப்பைக் கழற்றி விட்டால் மழையில் நனைவதில்லை.