மாடி வீட்டுச் சீட்டி

அருணாதேவி ஓட்டைக் காசுகளை மட்டும்தான் சேர்த்தாள். நடுவில் துளை போட்ட காசு எந்த தேசத்தினுடையதாக இருந்தாலும் சரி. ஓட்டைக் காலணாவில் ஆரம்பித்த பழக்கம். செங்கம் சாலையில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை என்பதால், ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது கேட்டு வாங்கிக்கொள்வாள். ஜப்பான், டென்மார்க், நார்வே என்று நூற்றுப் பத்தோ பன்னிரண்டோ சேர்ந்திருந்தது.

காசு சேர்ப்பவர்களின் நாணயச் சங்கம் மாதம் ஒருமுறை, இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, தேரடி வீதியில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் கூடும். பதினான்கு உறுப்பினர்களில் பெண் அவள் ஒருத்திதான். போனதும் "வாங்க மேடம்" என்று ஃபேனுக்கு நேராக இருக்கும் நாற்காலியைக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்படியும் அவள் ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லை. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதக் குரல் கேட்க அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

ஆடி மாதக் கூட்டத்தில் செயலாளர் புகழேந்தி எழுந்தார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர், எப்போதும் ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் அவருக்கு.

"எப்பப் பார்த்தாலும் காசு காசுன்னே பேசிகினு இருக்கோம். அடுத்த மாசம் யாரும் காசு எடுத்தார வேணாம். காச விட்டா ஊட்ல வேற என்னா பண்றீங்களோ, அதக் கொண்டாங்க."

ஆளுக்கு ஒன்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். "மேடம், நீங்க?" என்று புகழேந்தி கேட்டார்.

"எனக்கு வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அருணாதேவி.

அது பொய். அவள் சீட்டி அடிப்பாள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கொல்லையில் சீட்டியடித்ததற்கு அம்மா கரண்டிக் காம்பால் உதட்டிலேயே ஒன்று போட்டாள். அதோடு நின்றது. முப்பது வருடத்துக்குப் பக்கமாக அந்த நினைப்பே இல்லை. கணவர் போன ஆறாம் மாதம் ஒரு சாயங்காலம், குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கியது. நாலாவதை அவளே விட்டாள். விட்ட பிறகுதான் தெரிந்தது, அன்று காலையிலிருந்து தன் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது என்று.

அதிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சீட்டியடிப்பாள். பழைய சினிமாப் பாட்டுகள். பல்லவியில் தொடங்கி, நடுவில் வரும் வயலின் துண்டுகள்கூட விடாமல், சுருதி பிசகாமல் வரும். ஒரு பாட்டு சரியாக அமைய ஒரு மாதம்கூட ஆகும். நன்றாக வந்த நாளில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். யாரிடம் சொல்வது? சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள்.

அந்தக் கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்து, கீழ்வீட்டு சரோஜா மாடியேறி வந்தாள். வீடு அவளுடையது, அருணாதேவி அங்கே குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். கண் மட்டும் உள்ளே போய்ச் சமையலறை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தது.

"அருணா, தப்பா நெனச்சிக்காத. சாயங்காலத்துல உன் ஊட்ல ஆம்பள சீட்டியடிக்கிற சத்தம் கேக்குது."

அருணாதேவிக்கு முகமெல்லாம் சூடாகியது. "டிவிதான்கா" என்றாள்.

"டிவி எங்கனா மூச்சு வாங்குமா? நடுவுல நிறுத்தி நிறுத்தி, அதே எடத்த திருப்பித் திருப்பி அடிக்குது. நான் ஒண்ணும் கேக்கலம்மா. எங்க ஊட்டுக்காரருதான், தனியா இருக்கிற பொம்பளன்னு நம்பி விட்டோம், இப்டின்னா வேற எடம் பாத்துக்கட்டும்னு சொல்றாரு."

நான்தான் அது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்துபோகிறான் என்பதைவிட, ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே சீட்டியடிக்கிறாள் என்பதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

"இனிமே கேக்காதுக்கா" என்றாள். சரோஜா அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மூன்று வாரம் அவள் சீட்டியடிக்கவில்லை. வேலை விட்டு வந்தால் வீடு அப்படியே, காலையில் விட்டுப்போன மாதிரியே உட்கார்ந்திருந்தது. டிவியைப் போட்டாள், பிடிக்கவில்லை. ஒருநாள் மருத்துவமனையில் ஒரு கிழவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் பெயரை வேண்டுமென்றே இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் பதில் சொல்வதைக் கேட்க.

ஆவணி இரண்டாம் ஞாயிறு அன்று வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் சின்னசாமி, இருபத்தெட்டு வருடமாகத் தன் நிலத்தில் பெய்த மழையை அளந்து எழுதிவைத்த நோட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். மருந்துக்கடை கலையரசன் சீட்டுக்கட்டு வித்தை காட்டினார், ஒன்று பலித்தது, ஒன்று சொதப்பியது. பிறகு தசரதன் எழுந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சப்பையிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்து மேசையில் விரித்தார்.

"நானே பின்னது. யூடியூப்ல பாத்துக் கத்துக்கினேன்."

ஹாலே சிரித்தது. "இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா!" என்றார் யாரோ. "அண்ணி சேலைக்கு ஃபால்ஸ்கூட தெப்பீங்களா?" என்றார் இன்னொருவர்.

தசரதனும் சிரித்தார். "அவ இல்லையே, போய் ரெண்டு வருஷமாச்சு. முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை. சும்மா வெச்சிகினு இருந்தா நடுங்குதுங்க. அதான்."

சிரிப்பு நின்றது. புகழேந்தி அவசரமாக, "சரி, அடுத்து யாரு?" என்றார்.

அருணாதேவி எழுந்து நின்றாள். எழ வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை.

"நான் சீட்டியடிப்பேன்" என்றாள்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் சுருதி சேர்ந்தது. ஜன்னல் சாத்தாத அறையில் தன் சத்தம் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சரணத்தில் ஏறி, உச்சத்தில் ஒரு கணம் நிறுத்தி, இறங்கி முடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது கலையரசன் சீட்டுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லாட்ஜில் தங்கியிருந்த இரண்டு பேர் கதவோரம் வந்து நின்றிருந்தார்கள். புகழேந்தி நாலு தட்டு தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். "வித்தியாசமா இருந்துச்சு மேடம்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். டீ வந்தது, பேச்சு வேறு எங்கோ போயிற்று.

படியிறங்கும்போது தசரதன் பின்னால் வந்தார்.

"அந்த வயலின் எடம் இருக்கு பாருங்க, அத யாரும் பாடமாட்டாங்க. நீங்க உடாம அடிச்சீங்களே."

ஒன்பது வருடத்தில் அதைக் கவனித்த முதல் ஆள். அவள் படியிலேயே நின்று திரும்பினாள். "அடுத்த மாசம் இன்னொண்ணு அடிக்கிறேங்க" என்றாள். "கண்டிப்பா" என்று தலையாட்டிவிட்டு அவர் தெருக் கூட்டத்தில் கலந்து போனார்.

வீட்டுக்குப் போனவள் மாடிக்கு ஏறாமல் நேராக சரோஜாவின் கதவைத் தட்டினாள். சரோஜா வந்து நின்றதும் இரண்டு வரி சீட்டியடித்துக் காட்டினாள்.

சரோஜா வாயில் கைவைத்துக்கொண்டாள். "நீயா? இத்தினி நாளா நீயா?"

"நான்தான்கா."

"இதுக்கு ஒரு ஆம்பளயே வந்துட்டுப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் தானே சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளக்கு வெக்கற நேரத்துல மட்டும் வேணாம். அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ இரு" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பாட்டைத் தயார் செய்துகொண்டு போனாள் அருணாதேவி. தசரதன் வரவில்லை. ஆம்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார், இனி வரமாட்டார் என்று சின்னசாமி சொன்னார். அன்று எல்லாரும் காசு கொண்டுவந்திருந்தார்கள். அவளை யாரும் சீட்டியடிக்கச் சொல்லவில்லை. ஃபேனுக்கு நேரான நாற்காலியில் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் கீழ்வீட்டில் விளக்கு வைத்து முடித்த பிறகு, ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டாள். தெருவில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. தயார் செய்திருந்த பாட்டை ஆரம்பித்தாள். முதல் சரணம் முடிவதற்குள் கீழே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். செய்தி வாசிக்கும் குரல் தரை வழியாக ஏறி வந்தது. அவள் நிறுத்தவில்லை. சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் சரணமும் வயலினும் முழுதாக முடித்தாள். பிறகு எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.