திறக்கிற டிக்கி

கண்காட்சிக் கார்களுக்கு டிக்கி திறக்காது. கதவு மாதிரி ஒரு கோடு கீறியிருப்பார்கள், அவ்வளவுதான். பல கார்களுக்கு எஞ்சினே கிடையாது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தி, கைரேகையைத் துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மேஸ்திரிக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் ஏமாந்தார், பாவி மனுஷன்.

மேஸ்திரி என்பது கார் கம்பெனியின் டிசைன் ஸ்டுடியோவில் வைத்த கிண்டல் பெயர். காகிதத்தில் வரைந்த காரை முழு அளவில் களிமண்ணில் செய்வது அவர் வேலை. சூடான மண்ணை அப்புவார், ஆறியதும் இரும்புத் தகட்டால் சுரண்டுவார். அதை அச்சாக வைத்துத்தான் கண்காட்சி வண்டியைச் செய்வார்கள். அவர் கையால் வந்ததிலேயே உருப்படியானது, இந்த வருஷக் கண்காட்சிக்காகச் செய்த வேகன் என்கிற நீளமான குடும்பக் கார்தான். முன்னாலிருந்து பார்த்தால் பந்தயத்துக்குப் புறப்பட்ட கார். பின்னால் சைக்கிள், நாய், பிள்ளைகுட்டி, மூட்டைமுடிச்சு எல்லாம் ஏறும். கூரை பின்பக்கம் சரிகிற இடம் மனசுக்குப் பிடிக்காமல் மண்ணை உரித்து உரித்து மறுபடி அப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனன் ஃபோன் செய்தான். அவன் வேலை பார்க்கும் கார் கம்பெனியில் களிமண் மாடல் செய்கிறவர்களுக்குத் தலைமை இடம் காலி.

"அத்தான், வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அதே வாரம் டைரக்டர் வந்து வேகனைச் சுற்றி நடந்தார். பின்பக்கத்தை விரலால் தட்டினார்.

"மேஸ்திரி, இந்த டிக்கி நிஜமாவே திறக்கணும். உள்ளே நல்லா இடம் விடுங்க."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. திறக்கிற டிக்கி என்றால் கீல் வேண்டும், பூட்டு வேண்டும், மழைத்தண்ணீர் புகாமல் ரப்பர் வேண்டும். தயாரிக்கப் போகிற காருக்குத்தானே இத்தனை மெனக்கெடுவார்கள்? மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் மைத்துனனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"என் கார் ரோட்ல ஓடும்போது நான் இன்னொருத்தன் கம்பெனியில உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் மனைவியிடம்.

கண்காட்சிக்கு அவளையும் கூட்டிப்போனார். வேகனைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒருவர், "இது எப்ப விலைக்கு வரும்?" என்று கேட்டார். சீருடை போட்ட பெண் சிரித்துக்கொண்டே, "இது பார்க்கறதுக்கு மட்டும் சார். விக்கறது அந்தப் பக்கம் இருக்கு, வாங்க," என்று ஆள் உயர ஜீப் ஒன்றிடம் அவரை அழைத்துப்போனாள். வருகிறவர்களை எல்லாம் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போது கம்பெனி ஊழியன் ஒருவன் வந்து வேகனின் டிக்கியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் பாட்டில்கள், இலவசமாகக் கொடுக்கிற பைகள், ஊழியர்களின் கோட்டுகள், செருப்புகள்.

அங்கே வந்த டைரக்டர் மேஸ்திரியின் முதுகில் தட்டினார். "போன தடவை சாமான் வைக்க இடமில்லாம திண்டாடிட்டோம். அருமையா பண்ணிட்டீங்க!"

"சார், இந்த வண்டி...?"

"கண்காட்சி முடிஞ்சதும் வெட்டிடுவாங்க. ரோட்ல விட முடியாதே."

மேஸ்திரி வாசலுக்கு வந்து மைத்துனனைக் கூப்பிட்டார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று. "வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அவன் வைத்துவிட்டான். அவமானத்தில் மேஸ்திரிக்குக் காது சுட்டது.

பஸ்ஸில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் பொருமினார். "அந்த டைரக்டர் நம்ப வச்சு கழுத்தறுத்துட்டான்."

"தயாரிக்கப் போறோம்னு அந்த ஆள் எப்பவாவது சொன்னாரா?"

"சொல்லலை."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

"தினம் பாக்கறவர்தானே? ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பார்," என்றார் மேஸ்திரி.