பீரோ மேல் இருந்த தோசை

மகனும் மருமகளும் நாவலூரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எல்லப்பனுக்குச் சந்தேகமெல்லாம் மாடியில் குடியிருந்த மார்த்தீன் மேல்தான். மகன் பரணிதரன் மாமல்லபுரத்திலிருந்து அங்கிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வருஷக்கணக்காக பஸ்ஸில் போய் வருகிறவன். இப்போது மட்டும் முதுகு வலிக்கிறது என்றால் எப்படி? அந்த பிரான்சுக்காரிதான் ஏதோ ஓதிவிட்டாள். சும்மா சும்மா சிரிக்கிற ஆளை எல்லப்பன் என்றைக்குமே நம்பியதில்லை.

புது வீட்டுச் சாவியை ஒளித்துவிட்டால் எப்படிப் போவார்கள், பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் அறைக்குள் நுழைந்தார். ஸ்டூல் போட்டு ஏறி பீரோ மேல் துழாவினார். சாவி இல்லை. ஒரு தோசை இருந்தது. நாலாக மடித்து, நூல் கட்டி, காய்ந்து அப்பளமாகக் கிடந்தது. நடுவில் என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது.

செய்வினை! பிரித்துப் பார்க்க அவர் என்ன முட்டாளா? பிரித்தவன் மேல்தான் முதலில் ஏறும். துடைப்பத்தால் முறத்தில் தள்ளி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீசினார். மூன்று தரம் காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

ஈர வேட்டியோடு வீட்டுக்குள் வந்தால், சமையலறையில் மெழுகுவர்த்தி எரிகிறது. மார்த்தீன் இடது கையை மூடிக்கொண்டு, வலது கையால் தவாவை ஒரு உதறு உதறினாள். மெல்லிய தோசை அந்தரத்தில் புரண்டு திரும்பி விழுந்தது. மருமகள் ரேணுகா பக்கத்தில் நின்று கை தட்டினாள்.

"என் வூட்லயே அடுத்த செய்வினையா?" என்று கத்தினார்.

"தாத்தா, இன்னிக்கு எங்க ஊர் பண்டிகை," என்றாள் மார்த்தீன்.

"யாருக்குடி தாத்தா? பீரோ மேல வெச்சியே, அதுவும் பண்டிகையா?"

ரேணுகாவின் முகம் மாறியது. "அத எடுத்தீங்களா மாமா?"

"எடுத்தேன். கடல்ல வீசிட்டு, துப்பிட்டும் வந்தேன்."

"அது நான் வெச்சது," என்றாள். "இவங்க ஊரு பண்டிகைக்கு கையில தங்கம் வெச்சுகினு மொத தோசைய திருப்பணும். அதுல அந்தத் தங்கத்த சுத்தி பீரோ மேல வெச்சா, வருஷம் பூரா வூட்ல எந்தக் கொறையும் வராதாம். போன வருஷம் இந்த வூட்டுக்கோசரம்தான் வெச்சேன். உள்ள இருந்தது எங்கம்மா தாலியில இருந்த காசு மாமா. சாவறதுக்கு முன்ன கழட்டிக் குடுத்தது."

எல்லப்பன் விடவில்லை. "தங்கமாம், தங்கம்! எவன் பாத்தான்?"

"நீங்க பாத்திருக்கலாம். பிரிக்கறதுக்கு இன்னா பயம்?" சத்தம் கேட்டு வாசற்படியில் வந்து நின்ற புருஷனை அவள் பார்த்தாள். "மாமாவ தனியா வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு நான்தான் இத்தினி நாளு உன்ன தடுத்துகினு இருந்தேன். போதும். வண்டிக்குச் சொல்லு. இன்னிக்கே போலாம்."

பரணிதரன் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"போங்கடா! போய்த் தொலைங்க!" எல்லப்பன் கதவை ஓங்கி அறைந்தார். "எனக்குத் தெரியும், எல்லாம் இவ பண்ற வேல!"

மார்த்தீன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ரேணுகா அறைக்குள் போய்த் துணிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தவாவிலிருந்த தோசை கருகிப் புகைந்தது.

"யாராவது அடுப்ப அணைங்க!" என்று கத்தினார். யாரும் வரவில்லை. நாறட்டும் என்று இருமிக்கொண்டே அங்கேயே நின்றார்.