காலி இடத்தில் ஒரு கோடு

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்துக்கொண்டு எழுதினால் கை கூசும். எனக்குக் காலில் புண். பதினொரு நாள் ஒரே நர்ஸ்தான் கட்டு மாற்றினாள். ஒன்பதாம் நாள், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "நீங்க எழுதுறவராமே சார், ஒரு லெட்டர் பாத்துக் குடுப்பீங்களா?" என்றாள். கால் அவள் கையில் இருந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அது ஒரு மேல்முறையீட்டுக் கடிதம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலை தருவதாகச் சொல்லி ஏழு வாரம் கெடு வைத்திருந்தது. அதற்கு வேண்டிய இங்கிலீஷ் பரீட்சையில் மூன்று பகுதியில் தேறிவிட்டாள். எழுத்தில் மட்டும் அரை மார்க் குறைந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மேகம் மூடியிருந்த அந்த மதியத்தில் அவள் ஜன்னலோரம் நின்று—" வேண்டாம். அவளுக்கு ஜன்னலோரம் நிற்கவெல்லாம் நேரம் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "விதி அரை மார்க்கின் உருவத்தில்—" ஐயோ.

மூன்றாவது, நடந்தபடியே: வார்டில் நோயாளியின் குறிப்பை எழுதி முடித்ததும், தாளில் மிச்சமிருக்கும் காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பிறகு யாரும் எதையும் நுழைத்து எழுதிவிடக் கூடாதே. பன்னிரண்டு வருஷம் இழுத்துப் பழகிய கை, பரீட்சையிலும் இழுத்துவிட்டது. முதல் தாளின் அடியில் நாலு விரற்கடை இடம் மிச்சம். கோட்டைப் போட்டுவிட்டு இரண்டாம் தாளுக்குப் போனாள். திருத்தியவர் கோட்டோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது. "விடை முற்றுப்பெறவில்லை" என்று குறிப்பு வந்தது.

மேல்முறையீடு செய்தால் பதில் வர ஆறு வாரம். அதுவரை மறுபரீட்சைக்குப் பதிய முடியாது. பதில் பாதகமாக வந்தால் வேலை போச்சு. மறுபரீட்சை என்றால் மூன்றே வாரத்தில் எல்லாம் முடியும். ஆனால் நாலு பகுதியும் முதலிலிருந்து, பேச்சும் சேர்த்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும்.

புத்தியுள்ளவர்கள் மறுபடி எழுதுவார்கள். கோடு போடாமல் இருந்தால் போதும், தேறிவிடுவாள். அப்புறம் இதில் கதை எங்கே இருக்கிறது என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

3

பேச்சில் இருக்கிறது. அதில்தான் அவளுக்கு மிக உயர்ந்த மார்க்.

காலையில் பேச்சு, மதியம் எழுத்து. பேச்சில் வந்த கேள்வி: வேலையில் மறக்க முடியாத ஒரு நாள். அவள் ஒரு பிரசவக் கதையை நெட்டுருப் போட்டு வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனை அவள் வார்டுக்கே தூக்கி வந்தார்கள். மாற்று ஆள் வரவில்லை. அவன் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மணிக்கொரு தரம் அவளே எழுதினாள். நாலு மணிக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. மிச்ச இடத்தில் கோடு இழுத்தாள்.*

அந்தக் கட்டிலுக்கு இன்றைக்கும் அவள்தான் விரிப்பு மாற்றுகிறாள். அதை விட்டுப் போகத்தான் இந்தப் பரீட்சையே.

பரீட்சைக்குத் தயார் செய்த கோச்சிங் சார் இதைக் கேட்டதும் உற்சாகத்தில் குதித்தார். "அப்புறம் என்னம்மா யோசனை? மறுபடி எழுது. அந்தக் கதையையே வச்சுக்க. எந்தக் கேள்வி வந்தாலும் சுத்தி வளச்சு அதுல கொண்டுபோய் விட்டுடு." கெட்ட மனுஷர் இல்லை. ஆட்களைத் தேறவைப்பது அவர் தொழில்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னது தப்பு என்பதால் அல்ல. மறுபடி போய் உட்கார்ந்தால் தான் அதைத்தான் சொல்வோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

(* காலையில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசியதால்தான் மதியம் கை கோடு போட்டது என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அழகாக இருந்தது, அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது.)

4

வீட்டில் மாமியாரும் எட்டு வயது மகளும். முதல் வரைவில் மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதினேன். கதைக்கு வசதி. ஆனால் அவள் சொன்ன மாமியார் வேறு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாளாம்:

"பேசுறதுல நல்ல மார்க்குன்னியே, என்னம்மா பேசின?"

"வேலையப் பத்தி அத்தை."

"வேலையப் பத்தின்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவரப் பத்தி. அன்னிக்கு நடந்தத."

சட்டை மடியிலேயே கிடந்தது.

"அவன் பேரச் சொன்னியா?"

"இல்ல அத்தை. வீட்டுக்காரர்னு மட்டும்தான்."

"அழுதியா?"

"ரெண்டே நிமிஷம்தான் அத்தை குடுப்பாங்க."

(இங்கே மாமியார் அழுதாள் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன்.)

மாமியார் மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். "மறுபடியும் போய்ச் சொல்லும்மா. உசுரோட இருந்தப்ப நீ கேட்டு எதையாவது இல்லைன்னிருக்கானா?"

அதற்கு நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

5

முடிவு ஒன்று: மேல்முறையீடு. இரண்டாம் தாளை யாரோ படிக்கிறார்கள், அரை மார்க் வருகிறது. படிக்க நிம்மதி, எழுத வெட்கம்.

முடிவு இரண்டு: ஆறாம் வாரம் "மாற்றமில்லை" என்று ஒரு வரி. வேலை இன்னொருத்திக்குப் போகிறது. "நாம எப்பம்மா போறோம்?" என்று மகள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அவள் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போகிறாள்.

முடிவு மூன்று: மறுபரீட்சை. உங்களுக்குப் பிடித்த கடைத்தெருவைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஒரு நொடி தயங்குகிறாள். பிறகு, "அந்தக் கடைத்தெருவுக்கு நானும் என் வீட்டுக்காரரும்—"

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

6

கடிதத்தைத் திருத்திக் கொடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம், எழுதுகிறவன் புத்தி விடுமா? கோடு விழுந்த காரணத்தை விளக்க நானே ஒரு வரி சேர்த்தேன், புருஷனின் குறிப்புத்தாளில் அவள் இழுத்த கோட்டைப் பற்றி. மனம் இளகட்டும் என்றுதான்.

பத்தாம் நாள் படித்துப் பார்த்தாள். அந்த ஒரு வரியைக் குறுக்கே அடித்து, வார்டு வழக்கப்படி பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"இது வேண்டாம் சார். இதுக்குமா அவரு?"

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் கட்டைப் பிரித்து, இனிமேல் வர வேண்டாம் என்றாள். என்ன முடிவு செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கதை தீர்ந்துவிடுமே என்ற பேராசை.

அவள் அடித்த அந்த வரியைத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதற்கு நல்ல மார்க் வரும் என்று எனக்கும் தெரியும்.

கதையில் இப்போது மணி நாலே முக்கால். அவள் இன்னும் இரண்டில் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், கோடு இழுக்கவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவள் புருஷனைக் கூப்பிடாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.