இலை மூடிய ஏழாம் நம்பர்

படக் கண்ணாடிகள் அடுக்கிய மரப்பெட்டியின் ஓரம் சன்னாசியின் தோள்பட்டையை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. தோளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றும்போது பெட்டி குலுங்கினால், முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் கிராணியின் வாய் திறக்கும். காலையிலிருந்து அந்த வாயைக் கேட்டது போதும் என்று வலியையே வைத்துக்கொண்டான்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் புத்தகம் அவர் கையில்தான். இருட்டு விலகுமுன் பெயர் கூப்பிடும்போது ஒரு மூச்சு தாமதமாக வந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கூலிகளின் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார். ஈப்போ டவுனில் படம் பிடிக்கும் பெட்டி வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குனோங் ராபாட் பக்கத்துச் சுண்ணாம்பு மலை, அதன் குகை வாய், ஆற்றுமேல் மரப்பாலம், சீனர் கோயில் என்று எது கண்ணில் பட்டாலும் முக்காலியை ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். துணிக்குள்ளிருந்து வரும் குரலும் பெரட்டுக் குரல்தான். பெட்டி சுமக்க யாரையாவது கூப்பிடுவார். முடியாது என்று சொன்ன சின்னையாவுக்கு அடுத்த மூன்று வாரம் ஏறி இறங்கிப் பால் வெட்டும் மேட்டு நிரைதான் கிடைத்தது. சன்னாசி முடியாது என்று சொல்லவில்லை. அவன் பொதுவாகவே எதுவும் சொல்வதில்லை.

இன்று கடைசியாக ஏழாம் நம்பர் ரப்பர் காட்டுக்குப் போகவேண்டும் என்று கிராணி நேற்றே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் அவன் மனைவி செல்லாயி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"அங்க எதுக்கு?"

"எல செவந்திருக்குதாம். படம் புடிக்க."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தப் பொட்டிக் கண்ணு புள்ள மேல பட வேணாம். பட்டா அது படுத்த எடத்துல படுக்காது. பொட்டியோட போயிரும்" என்றாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். உயிரோடு இருப்பவனைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும். செத்தவர்களுக்குக் குறைய ஆயுசு இல்லை, அவர்களே போய்விடுவார்கள்.

ஏழாம் நம்பரின் பள்ளத்தில்தான் லயத்துப் பிள்ளைகளைப் புதைத்தார்கள். பெரியவர்களை எரிக்க வேறு இடம் இருந்தது. காய்ச்சலில் போன குழந்தைகளுக்கு இந்த மரநிழல். ஒன்பது மேடுகள். மூன்றாவது அவர்கள் மகள் ராக்காயி. இரண்டு வயது முடியவில்லை. அவள் தலைமாட்டில் செல்லாயி ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அதை நிமிர்த்திக் கொஞ்சம் பசும்பால் ஊற்றுவாள்.

பள்ளத்துக்குள் இறங்கியபோது சன்னாசி நின்றுவிட்டான். பிப்ரவரி மாதம். ரப்பர் மரங்கள் அத்தனையும் பழுத்துச் சிவந்து நின்றன. நிரை நிரையாக, கண் எட்டும் தூரம்வரை. காற்று இல்லாமலே இலைகள் கழன்று விழுந்தன. காலடியில் சரசரவென்ற சத்தம் மட்டும்.

"துரையின்ர ஊரில பனிக்கு முன்னம் மரமெல்லாம் இப்பிடித்தான் நிக்குமாம்," என்றார் கிராணி. "அவருக்கு இதைக் கண்டா ஊர் ஞாபகம். உங்களுக்குப் பால் குறையுதெண்ட ஒப்பாரி."

"செவப்பு படத்துல வருமாய்யா?"

"வராது. கறுப்பாத்தான் விழும். உனக்கேன் உது? முக்காலியை இறக்கு."

கிராணி முக்காலியின் கால்களை நீட்டி மட்டம் பார்ப்பதற்குள் சன்னாசி மேடுகளுக்குப் போய்விட்டான். மங்குக் கிண்ணத்தை எடுத்து ஒரு மரத்தின் பின்னால் ஒளித்தான். பன்றி கிளறாமல் மேட்டில் வைத்திருந்த முள்கிளைகளை அப்பால் தூக்கிப் போட்டான். இரண்டு கைகளாலும் இலைகளை வாரி வாரி ராக்காயியின் மேல் போட்டான், குளிருக்குப் போர்த்துவதுபோல. பிறகு மற்றவர்களின் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று தோன்றியது. ஒன்பது மேட்டையும் மூடினான். முதுகு வியர்த்து வழிந்தது. கிராணி தடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மனுஷனுக்குள்ளும் ஏதோ ஈரம் இருக்கிறது போலும் என்று சன்னாசி நினைத்தான்.

கிராணி துணிக்குள் போனார், வெளியே வந்தார், பெட்டிக் கண்ணின் மூடியைக் கழற்றி எண்ணினார், மூடினார்.

"சோக்கான படம். ஒரு மேடு தெரியேல்லை. நீயே எனக்கு வேலையைக் குறைச்சுப் போட்டாய்."

சன்னாசிக்கு உடனே புரியவில்லை. "மேடு இருக்கறது ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலோ? எந்தப் பக்கத்தால எடுத்தா மறையும் எண்டு நேற்று முழுக்க யோசிச்சனான்." அவர் சிரித்தார். "இந்தப் பள்ளத்தை ஈயம் தோண்டுற லம்பத்துக்காரருக்கு விக்கப் போயினம். மண்ணை வாரித் தின்னுற கப்பல் வருகுது. சுடலை கிடந்தா வாங்க மாட்டினமாம். பிளானில சுடலை இல்லை. வெறுங்காடு எண்டு காட்டப் படம் கேட்டவை. துரை என்னட்டச் சொன்னவர்."

"எலைக்குன்னு சொன்னீங்களே."

"இலையும்தான் இருக்கே."

சன்னாசி தன் கைகளைப் பார்த்தான். விரல் இடுக்குகளில் இலைக்காம்புகள் ஒட்டியிருந்தன. செல்லாயியிடம் என்ன சொல்வது? கண் படாமல் மூடிவிட்டேன் என்றா? மற்ற எட்டுத் தாய்மார்களிடம்? அவர்கள் யாரும் அவனை மூடச் சொல்லவில்லை. துரை அல்ல, கிராணி அல்ல, இந்தப் பள்ளத்தில் பிள்ளையே இல்லை என்று செய்தது அவன் கை. அந்த ஈயக் கப்பலை அவன் பார்த்திருக்கிறான், காம்பார் ஊருக்குப் போகும் வழியில். அது தோண்டிய இடத்தில் தண்ணீர்தான் நிற்கும்.

"இன்னொரு தடவ எடுங்கய்யா," என்றான். "மேடு தெரியிற மாதிரி."

"கண்ணாடி முடிஞ்சுது."

"முடியல. காலையில ஆறுன்னு சொன்னீங்க. மலையில ரெண்டு, பாலத்துல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு, இங்க ஒண்ணு."

கிராணியின் முகம் சிறுத்தது. ஒரு கூலிக்காரன் தம் கண்ணாடிக் கணக்கை எண்ணிக்கொண்டே வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருந்தது. "படிச்ச துரையோ நீ? சாமானைக் கட்டடா. போவம்."

சன்னாசி போய் மரத்தின் பின்னாலிருந்து மங்குக் கிண்ணத்தை எடுத்துவந்தான். மூன்றாவது மேட்டருகே மண்டியிட்டு இலைகளைத் தள்ளினான்.

"டேய்! நாளைக்குப் பெரட்டில உன்ர பேர் இராது. பெண்டிலையும் சேர்த்து வெளியில போடுவன். கேக்குதே?"

"கேக்குதுங்க."

"லயத்தை விட்டு எங்கயடா போவாய்?"

செல்லாயியைக் கேட்காமல் அவள் தலைமேல் இருந்த கூரையையும் கொடுத்துவிட்டான் என்பது அவனுக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை. மங்குக் கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்தான். கண்ணு படட்டும், என்று நினைத்தான். போனா பொட்டியோடயே போகட்டும். இருந்ததாவது தெரியும்.

"பெட்டியைத் தூக்கு."

"நான் தூக்கலீங்க."

கிராணி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கண்ணாடிகள் உரசும் சத்தம் கேட்டது. பயந்து மெல்லக் கீழே வைத்தார். சைக்கிள் பள்ளத்துக்கு மேலே மரத்தில் சாய்ந்து கிடந்தது. தோட்ட ஆபீசுக்கு இரண்டு மைல். அவர் சுற்றிலும் பார்த்தார். நிரைகளில் ஒரு ஆள் இல்லை.

சன்னாசி முதல் மேட்டுக்குப் போனான், அது முத்தம்மாவின் மகன். இரண்டாவது, இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று. நான்காவது யாருடைய பிள்ளை என்று அவனுக்குத் தெரியவில்லை. அதையும் துடைத்தான். வெயில் சாய்ந்து மரங்களுக்கிடையே நீளமாக விழுந்தது. இலை அகற்றிய இடமெல்லாம் மண் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. ஐந்தாவதைத் துடைப்பதற்குள் முதலாவதன் மேல் நாலைந்து இலை விழுந்துவிட்டது. எழுந்து போய்ப் பொறுக்கினான். திரும்பி வந்தான்.

முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. கிராணி அதன் பக்கத்தில் நின்றார். பெட்டிக் கண்ணின் மூடி மறுபடியும் அவர் கையில் இருந்தது. அதைப் போடவும் இல்லை, வைக்கவும் இல்லை. மேடுகளையும், ஆறாவது கண்ணாடி மிச்சமிருந்த பெட்டியையும் பார்ப்பதும், விரல்களுக்கிடையே அதைத் திருப்புவதுமாக இருந்தார். சன்னாசி ஆறாவதற்கு நகர்ந்தான்.